பிடில் இசைத்தாளில் வில் குறிகள்: எந்தக் கோளாறுக்கு எந்த வைத்தியம்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்க அப்பலாச்சியா, ஹங்கேரி போன்ற இடங்களின் நாட்டுப்புற பிடில் இசையை ஸ்டாஃப் நோட்டேஷனில் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பில்) எழுதி அச்சுக்குத் தயார் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இசைத்தாள் எழுதும் மென்பொருள்களான மியூஸ்ஸ்கோர் 4, லிலிபாண்ட், பாட்டை வெறும் எழுத்துகளாகத் தட்டும் ஏபிசி முறை மூன்றையும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்பதால் அவற்றை வைத்தே சொல்கிறேன். டோரிகோ, சிபேலியஸ் வைத்திருப்பவர்களுக்கும் காரணங்கள் இவைதான், பட்டன் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

முதலில் ஒன்று. நாட்டுப்புறப் பாட்டுகளுக்காகவே பிறந்த ஏபிசியை விட்டுவிட்டால், இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கத்திய செவ்வியல் இசையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே வில் பெரும்பாலும் பாருக்கு (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதிக்கு) அடங்கி நடக்கும், பாரின் முதல் அடிக்கு டவுன்-போ (வில்லைக் கீழே இழுக்கும் வீச்சு) விழும். நாட்டுப்புற பிடிலில் வில் தாளத்தோடு மல்லுக்கு நிற்கும். ஸ்லர் (பல ஸ்வரங்களை ஒரே வீச்சில் சேர்க்கும் வளைவு) அரை அடியில் தொடங்கி அடுத்த பாரின் தலையை விழுங்கிவிட்டுப் போகும். நாம் கோளாறு என்று நினைப்பதில் பாதி, மென்பொருள் தனக்குத் தெரிந்த வழக்கப்படி நடந்துகொள்வதுதான். மீதிப் பாதி நாமே வரவழைப்பது, அதாவது தேவைக்கு மேல் குறி போடுவது. எந்தெந்த ஸ்வரங்கள் ஒரே வீச்சில் சேர்கின்றன என்பதை ஸ்லரே சொல்லிவிடும். திசைக் குறி பாட்டின் தொடக்கத்தில் ஒன்று, வாசிப்பவர் எதிர்பார்க்காத இடத்தில் ஒன்று, அவ்வளவு போதும். ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் குறி உட்கார்ந்திருக்கும் தாளை யாரும் படிப்பதில்லை.

ஏபிசியில் 'வி' தட்டினால் டவுன்-போ வருகிறது

சரியாகத்தான் வருகிறது. அச்சில் அப்-போ (வில்லை மேலே தள்ளும் வீச்சு) குறியின் வடிவம் ஆங்கில 'வி' எழுத்து போல இருப்பதால் கை தானாக 'வி' விசைக்குப் போகும். ஆனால் ஏபிசி விதிப்படி சின்ன 'யூ' அப்-போ, சின்ன 'வி' டவுன்-போ. டவுன்-போ குறி நம் 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போல வரும். இதைப் பார்த்துவிட்டு, கோப்பின் தலைப்பில் 'யூ' வரி போட்டு இரண்டு எழுத்துகளின் பொருளையும் மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ஏபிசி அதை அனுமதிக்கும், ஆனால் செய்யாதீர்கள். ஏபிசி பாட்டுகளை மக்கள் வெட்டி ஒட்டித்தான் பகிர்கிறார்கள். தலைப்பு வரி விட்டுப்போனால் பாட்டு முழுவதும் வில் தலைகீழாகிவிடும், அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழி இருக்காது.

எழுத்து சரியாக இருந்தும் குறி வரவே இல்லையென்றால் வரிசையைப் பாருங்கள். ஸ்லரின் திறப்பு அடைப்பு முதலில், வில் எழுத்து அடுத்து, ஸ்வரம் கடைசியில். வில் எழுத்தை அடைப்புக்கு முன்னால் போட்டால் சில நிரல்கள் பொறுத்துக்கொள்ளும், சில ஓசைப்படாமல் விழுங்கிவிடும்.

ஸ்லர் போட்டேன், தாளில் டை மாதிரி தெரிகிறது

நாட்டுப்புற பிடிலில் அடிக்கடி வரும் குழப்பம் இது. டை என்பது ஒரே ஸ்வரத்தை மறுபடி வாசிக்காமல் நீட்டச் சொல்லும் வளைவு. ஒரே ஸ்வரத்தை ஒரே வில் வீச்சில் இரண்டு முறை ஒலிக்க வைக்கும் பாணிகள் நிறைய. ஹங்கேரி, டிரான்சில்வேனியா பக்கத்துக் குழுக்களில் துணை வாசிக்கும் கான்ட்ரா வயோலாக்காரர் 'டூவோ' என்ற முறையில் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) இரண்டிரண்டாக ஒரு வீச்சில் சேர்த்து, இரண்டாவதை அழுத்துவார். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே நடனப் பாட்டுகளில் ஒரு ஸ்வரத்தை டவுனில் வாங்கி, அடுத்த மூன்றை ஒரே அப்-போவில் தள்ளும் வீச்சு இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னரின் (1843–1927) வாசிப்போடு சேர்த்துப் பேசப்படுவது அது. அந்த மூன்றில் இரண்டு ஒரே ஸ்வரமாக அமைந்துவிட்டால் அங்கேயும் இதே சிக்கல்.

ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு ஸ்வரங்களை ஒரு வளைவு இணைத்தால், வாசிப்பவர் கண்ணுக்கு அது டைதான். இரண்டாவது ஸ்வரத்தை வாசிக்கவே மாட்டார். மென்பொருளில் நீங்கள் போட்டது ஸ்லர் என்ற விவரம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் ஸ்லரின் கீழ் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் டெனுடோ கோடோ ஸ்டக்காடோ புள்ளியோ சேருங்கள். வில் திரும்பவில்லை, ஆனால் ஒலி இரண்டு முறை பிறக்கிறது என்பதை அது சொல்லிவிடும். இடையில் வில் நிற்காமல் அழுத்தம் மட்டும் கொடுத்தால் கோடு. ஒரு கணம் நின்று தள்ளினால் புள்ளி. டூவோவுக்குக் கோடும், இரண்டாவது ஸ்வரத்தின் மேல் அக்சென்ட் குறியும் பொருத்தமாக இருக்கும்.

மியூஸ்ஸ்கோரில் முதல் ஸ்வரத்தைச் சொடுக்கி, ஷிஃப்ட் அழுத்தியபடி கடைசி ஸ்வரத்தைச் சொடுக்கி, 'எஸ்' தட்டினால் ஸ்லர். 'டி' (T) தட்டினால் டை. தேர்வை விடாமல் ஷிஃப்டும் 'என்'னும் சேர்த்துத் தட்டினால் டெனுடோ, ஷிஃப்டும் 'எஸ்'ஸும் ஸ்டக்காடோ, ஷிஃப்டும் 'வி'யும் அக்சென்ட். லிலிபாண்டில் அலைக்குறி டை, வளைந்த அடைப்பு ஸ்லர். ஏபிசியில் சிறு கோடு டை, அடைப்பு ஸ்லர்.

பழைய அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து நோட்டேஷனாக மாற்றும் மென்பொருளில் கொடுத்தவர்கள் இன்னொரு முறை கவனிக்க வேண்டும். ஒரே உயரத்தில் வளைவைக் கண்டால் அவை டை என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒலியை ஓட விட்டு, ஸ்வரம் எதிர்பாராமல் நீளும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் டையை அழித்து ஸ்லர் போடுங்கள். மென்பொருளின் ஒலியால் இந்த வேலைக்கு உண்மையாகவே பயன் உண்டு. வில் வீச்சு சரியா என்பதை அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

ரிப்பீட் இடத்தில் ஸ்லர் அறுந்துவிடுகிறது

அமெரிக்க பிடிலில் 'ஜார்ஜியா ஷஃபிள்' என்று ஒரு வில் முறை. மூன்று ஸ்வரம் சேர்ந்து அப்-போவில், ஒன்று தனியாக அழுத்தமான டவுன்-போவில். தனி ஸ்வரம் பின்தாளத்தில், அதாவது இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும். எட்டு குவேவர் (அரை அடி ஸ்வரம்) உள்ள ஒரு பாரில் எண்ணிப் பாருங்கள்: 3-ம் 7-ம் தனி. 4, 5, 6 ஒரு ஸ்லர். 8-ஆவது ஸ்வரம் அடுத்த பாரின் 1, 2-ஓடு சேர்ந்து இன்னொரு ஸ்லர். ஆக ஒவ்வொரு பார் கோட்டையும் ஒரு ஸ்லர் தாண்டுகிறது. நடுவில் இருக்கும் பார் கோடுகளில் பிரச்சினை இல்லை. பகுதியின் கடைசி பாரில் 8-ஆவது ஸ்வரம் எங்கே போய்ச் சேரும்? முதல் முறை முடியும்போது திரும்ப முதல் பாருக்கு. இரண்டாம் முறை முடியும்போது அடுத்த பகுதிக்கு. ஸ்லருக்குத் தொடக்கமும் முடிவும் தாளில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று மென்பொருள் கேட்கும். இங்கே அவை இசையில்தான் அடுத்தடுத்து வருகின்றன.

அயர்லாந்தின் ஸ்லைகோ பாணியிலும் இதே தொல்லை வரும். மைக்கேல் கோல்மன் (1891–1945) 1920-களில் நியூயார்க்கில் பதிவு செய்த ரீல் என்ற நடனப் பாட்டுகளைக் கேட்டு எழுத முயன்றவர்களுக்கு, ஸ்லர் அடிக்கும் பாருக்கும் மேலாக ஏறி இறங்குவது தெரிந்திருக்கும்.

தீர்வு, பாதி ஸ்லர் போடுவது. முதல் முடிவின் கடைசி ஸ்வரத்திலிருந்து வலப்பக்கம் காற்றில் நீளும் ஒரு வளைவு. ரிப்பீட் தொடங்கும் இடத்தில் இடப்பக்கத்திலிருந்து வந்து முதல் ஸ்வரத்தில் இறங்கும் ஒரு வளைவு. உங்கள் பதிப்பில் இதற்கென்றே வசதி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய தந்திரம் ஒன்று எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யும். வளைவு இறங்க வேண்டிய ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு கிரேஸ் ஸ்வரம் (சின்னதாக அச்சாகும் அலங்கார ஸ்வரம்) சேருங்கள். அதிலிருந்து உண்மையான ஸ்வரம் வரைக்கும் ஸ்லர் போடுங்கள். பிறகு கிரேஸ் ஸ்வரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'வி' தட்டினால் மறைந்துவிடும். ப்ராப்பர்டீஸ் பலகையில் 'ப்ளே' தேர்வையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மறைந்த ஸ்வரம் ஒலியில் மட்டும் பேய் மாதிரி கேட்கும். லிலிபாண்டிலும் இதே வழிதான்: கிரேஸுக்குள் 'ஹைட்நோட்ஸ்' கட்டளை.

ரிப்பீட்டின் தொடக்கத்தில் வரும் பாதி வளைவு முதன்முறை வாசிக்கும்போது பொருந்தாது, ஏனென்றால் அதற்கு முன்னால் ஸ்வரமே இல்லை. அதைப் புள்ளிக்கோட்டு ஸ்லராகப் போட்டு, கீழே 'திரும்ப வரும்போது மட்டும்' என்று ஒரு வரி எழுதிவிடலாம். ஆனால் என் கருத்தில், பகுதிக்கு எட்டே பார் இருக்கும் பாட்டுகளில் ரிப்பீட்டை விரித்து எழுதிவிடுவது இதைவிட நேர்மையானது. தாள் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதான்.

முதல் முறை குறி சரி, இரண்டாம் முறை வில் எதிர்த் திசையில் நிற்கிறது

இதற்கு மென்பொருளில் வைத்தியம் கிடையாது. கணக்குதான் வைத்தியம்.

ஒரு பகுதியில் மொத்தம் எத்தனை வீச்சு என்று எண்ணுங்கள். ஸ்லர் எத்தனை ஸ்வரத்தை அடக்கினாலும் ஒரே வீச்சு. மொத்தம் இரட்டைப்படை என்றால் ரிப்பீட் தொடங்கிய திசையிலேயே மறுபடி தொடங்கும். ஒற்றைப்படை என்றால் டவுனில் தொடங்கியது இரண்டாம் முறை அப்பில் தொடங்கும், நீங்கள் போட்ட குறி எல்லாம் பொய்யாகிவிடும். எட்டு குவேவரும் தனித்தனியாக வரும் ரீல் பாரில் எட்டு வீச்சு. அதில் இரண்டு ஸ்வரத்தை ஸ்லரால் சேர்த்தால் ஏழு. மூன்றைச் சேர்த்தால் ஆறு. எனவே ஒவ்வொரு பாரையும் எண்ணிக் கூட்ட வேண்டியதில்லை, எத்தனை பாரில் ஒற்றைப்படை வருகிறது என்று பார்த்தால் போதும். அந்த எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் கவலையில்லை. பார் கோட்டைத் தாண்டும் ஸ்லரை அது தொடங்கும் பாரின் கணக்கில் மட்டும் வையுங்கள்.

மூன்று ஸ்வர வெட்டு வரும் இடத்தில் இந்தக் கணக்கு அழகாக உட்காரும். டோனகல் பக்கத்து அயர்லாந்துக்காரர்களும் கனடாவின் கேப் பிரெட்டன்காரர்களும் ஒரே ஸ்வரத்தை மூன்று சிறு வீச்சாக வெட்டுவது பிரசித்தம். அந்த வெட்டு ஒரு கிராச்செட்டின் (ஒரு அடி ஸ்வரத்தின்) இடத்தில் வந்தால், ஒரு வீச்சுக்குப் பதில் மூன்று வீச்சு. இரண்டும் ஒற்றைப்படை, அதனால் அடுத்த ஸ்வரத்தின் திசை மாறாது. தனித்தனி வீச்சாக வாசிக்கும் இரண்டு குவேவரின் இடத்தில் வந்தால் இரண்டு மூன்றாகிறது, அங்கிருந்து எல்லாம் புரளும். ஆகவே பாட்டில் வெட்டு புதிதாக நுழையும் இடத்துக்குப் பிறகுதான் திசைக் குறிக்கு உண்மையான தேவை. அதற்கு முன்னால் போட்ட பத்துக் குறிகளை அழித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள்.

ஒற்றைப்படைதான் வருகிறது, மாற்றவும் மனமில்லை என்றால், தொடக்கத்தில் இரண்டு குறிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மேலே உள்ளதை அடைப்புக்குறிக்குள் வைப்பது ஒரு வழி. கற்றுக்கொடுக்கும் தாளுக்கு இது சரி. ஒரு கலைஞரின் பதிவைக் கேட்டு எழுதிய தாளில் இப்படிச் செய்ய வேண்டாம். அவர் இரண்டாம் முறை வேறு மாதிரி வாசித்திருந்தால் அதை வேறு மாதிரியே எழுதுங்கள்.

வெட்டு வரும் இடத்தில் 3 என்ற எண்ணும் மூன்று குறியும் மோதுகின்றன

மூன்று குறியையும் எடுங்கள். ஸ்லர் இல்லாத ஸ்வரம் என்றால் தனி வீச்சு என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம், அது உண்மையிலேயே ட்ரிப்லெட்டா, அதாவது ஒரு அடியைச் சமமாக மூன்றாகப் பிரிக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். வேகமான ரீலில் அது பெரும்பாலும் இரண்டு செமிகுவேவரும் (கால் அடி ஸ்வரமும்) ஒரு குவேவருமாகவே விழுகிறது. அப்படி எழுதினால் 3 என்ற எண்ணே வேண்டாம், நெரிசலும் போய்விடும். சமமாகத்தான் வருகிறது என்றால் மியூஸ்ஸ்கோரில் கிராச்செட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் 3-ம் தட்டுங்கள். எண்ணைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்' தட்டினால் மறுபக்கம் போகும்.

வில் குறி ஸ்லருக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது

வில் குறி ஸ்டாஃபுக்கு மேலே, மற்ற எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது அச்சு வழக்கம். புள்ளி, கோடு எல்லாம் ஸ்வரத்தை ஒட்டி. பிறகு ஸ்லர். பிறகு வில் குறி. லிலிபாண்டில் 'ஸ்கிரிப்ட்' பொருளின் 'அவாய்ட்-ஸ்லர்' மதிப்பை 'அவுட்சைட்' என்று வைத்தால் குறி வெளியே வரும். ஆனால் அதை மொத்தமாக வைத்தால் ஸ்டக்காடோ புள்ளிகளும் சேர்ந்து வெளியே ஓடிவிடலாம். தேவையான ஸ்வரத்துக்கு முன்னால் 'ஒன்ஸ்' சேர்த்துப் போடுவது பாதுகாப்பு. இரண்டு குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக வரும்போது எது மேலே என்பதை 'ஸ்கிரிப்ட்-ப்ரையாரிட்டி' தீர்மானிக்கும்.

மியூஸ்ஸ்கோரில் ஸ்லர் மேலே வளைவதால்தான் மோதல் என்றால், முதலில் ஸ்லரைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்' தட்டிக் கீழே திருப்பிப் பாருங்கள். பாதி இடங்களில் அதோடு வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு குறியையும் மவுஸால் இழுக்காதீர்கள். பக்க அளவு மாறினால் இழுத்தது எல்லாம் வீணாகும். ஒரு குறியின் மேல் வலச்சொடுக்கு செய்து, அதே வகைக் குறிகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்டீஸில் ஒரே தடவையாக உயரத்தை மாற்றுங்கள்.

இரட்டைத் தந்தி வாசிப்பு உள்ள தாளில், திறந்த தந்தியை இரண்டாவது குரலாக எழுதியிருந்தால் ஸ்லரை முதல் குரலுக்கு மட்டும் போடுங்கள். வில் ஒன்றுதானே, இரண்டு குரலுக்கும் வளைவு தேவையில்லை.

லிலிபாண்ட் 'ஏற்கெனவே ஸ்லர் உள்ளது' என்று எச்சரிக்கிறது

ஒரு ஸ்லருக்குள் இன்னொரு ஸ்லர் திறந்திருக்கிறீர்கள். இரண்டு கலைஞர்களின் வில் முறையை ஒரே தாளில் காட்ட முயலும்போது இது வரும். ஒன்றைச் சாதாரண ஸ்லராகவும் மற்றதை ஃப்ரேசிங் ஸ்லராகவும் (இசைத் தொடரைக் காட்டும் தனி வகை வளைவு) போட்டு, ஃப்ரேசிங் ஸ்லரைக் கீழ்ப்பக்கம் திருப்பிப் புள்ளிக்கோடாக்குங்கள். மேலே முழுக்கோடு ஒருவர், கீழே புள்ளிக்கோடு இன்னொருவர் என்று முன்குறிப்பில் ஒரு வரி போதும். ஏபிசியில் திறப்பு அடைப்புக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் அது புள்ளிக்கோட்டு ஸ்லர். மூன்றாவது கலைஞரையும் அதே தாளில் திணிக்க நினைத்தால், அவருக்குத் தனி ஸ்டாஃப் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு வேண்டிய குறி பட்டியலில் இல்லை

முதலில் தேடிப் பாருங்கள். மியூஸ்ஸ்கோரில் கன்ட்ரோலும் எஃப்9-ம் தட்டினால் பேலட் தேடல் திறக்கும். அங்கே கிடைக்கவில்லையென்றால் மாஸ்டர் பேலட்டின் 'சிம்பல்ஸ்' பிரிவு. இசைக் குறிகளுக்கான பொதுவான எழுத்துரு ஒழுங்கை 2013-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வெளியிட்டது. ஸ்முஃபல் என்று பெயர். அதில் டவுன்-போவுக்கு இ610, அப்-போவுக்கு இ612, இரண்டின் கவிழ்த்த வடிவங்களுக்கு இ611, இ613 என்று யூனிகோட் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்டாஃபுக்குக் கீழே குறி போட வேண்டி வந்தால் அந்தக் கவிழ்த்த வடிவங்கள் கைகொடுக்கும்.

வில்லைத் தந்தியில் தட்டி எழுப்பும் 'சாப்' ஒலி போன்றவற்றுக்குக் குறி தேடுவதைவிட, ஸ்வரத்தின் தலையையே பெருக்கல் குறியாக மாற்றுவது மேல். அது ஸ்வரத்தோடு ஒட்டியிருக்கும், எங்கே நகர்த்தினாலும் கூடவே வரும். எழுத்துப்பெட்டி திறந்து அதில் குறியைத் தட்டுவது கடைசி வழி.

எதுவுமே ஒத்துவராவிட்டால் நோட்டேஷனே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. கார்க், கெர்ரி எல்லையில் ஸ்லீவ் லூக்ரா பகுதியில் வாழ்ந்த பாட்ரிக் ஓ'கீஃப் (1887–1963) தன் மாணவர்களுக்கு ஸ்டாஃபின் நான்கு இடைவெளிகளை நான்கு தந்திகளாக வைத்து, விரல் எண்களை அதில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள்களை இன்று மென்பொருளில் ஏற்ற நினைப்பவர்கள் வில் குறிகளோடு முட்டிக்கொள்வதற்கு முன், லிலிபாண்டின் டேப்ளேச்சர் (தந்தியையும் விரலையும் எண்ணால் காட்டும் முறை) வசதியைப் பார்ப்பது நல்லது. ஐந்து கோட்டு ஸ்டாஃபில் எண்களை எழுத்தாகப் போடுவது பெரிய அவஸ்தை.

வேறு கணினியில் திறந்தால் குறி இருந்த இடத்தில் கட்டமோ எண்ணோ தெரிகிறது

எழுத்துரு இல்லை. ஸ்முஃபல் வருவதற்கு முன் இருந்த இசை எழுத்துருக்களில் குறிகள் சாதாரண எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினி அங்கே சாதாரண எழுத்தைக் காட்டும். ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதன் பிறகு பழைய கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல் (ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இசைத்தாளைக் கடத்தும் கோப்பு வடிவம்) வழியாக வெளியே எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். வழக்கமான டவுன்-போ, அப்-போ இரண்டுக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல்லில் தனி இடம் இருக்கிறது, அவை பத்திரமாக வந்துவிடும். சொந்தமாகச் செய்த குறிகள்தான் எழுத்தாக மாறும் அல்லது காணாமல் போகும்.

வாசிக்க மட்டும் அனுப்புவதென்றால் பிடிஎஃப் போதும், எழுத்துரு அதற்குள்ளேயே இருக்கும். திருத்துவதற்கும் அனுப்ப வேண்டுமென்றால் பிடிஎஃப்பும் மூலக் கோப்பும் சேர்த்து அனுப்புங்கள். ஃபினாலே கோப்புகளை மாற்றும் முன், அந்த மென்பொருள் இன்னும் திறக்கிற கணினியிலேயே ஒவ்வொரு பாட்டையும் பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய கோப்பில் எந்த ஸ்வரத்தின் மேல் என்ன குறி இருந்தது என்று பார்க்க அதுதான் துணை.